இன்னும் ஒரு பவுன்சர் இருக்கு

நேற்று அம்பயர் வகுப்பு முடிந்து எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, உங்களில் ஒருவர் மட்டும் பின்தங்கி வந்து என்னிடம் கேட்டார். "சார், தோளுக்கு மேல போற பந்த எண்ணணும்னு சொல்றீங்க. குள்ளமான ஆளு, நெட்டையான ஆளு, குனிஞ்சிக்கினு நிக்கிற ஆளுன்னு எல்லாரும் வருவாங்களே. எப்படி சார் எண்ணறது?"

நல்ல கேள்விதான். ஆட்டக்காரர் கிரீஸில் நிமிர்ந்து நின்றால் தோள் எங்கே வருமோ அதுதான் அளவு, அவர் குனிந்ததையும் குதித்ததையும் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அந்தப் பதில் போதாது என்று பட்டது. எண்ணுவதில் நான் ஒருநாளும் தப்புச் செய்தவன் இல்லை. சரியாக எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் என் கண் முன்னால் ஒரு மனிதருடைய கன்ன எலும்பு உடைந்தது. அதை உங்களுக்கு எழுதிவிடுவது நல்லது.

என்னைப் பற்றி இரண்டு வரி. வாரத்தில் ஆறு நாள் கள்ளக்குறிச்சியிலிருந்து புறப்படும் பஸ்ஸில் கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமை அம்பயர். இருபத்தாறு வருடம் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன். நெரிசலான வண்டியில் யார் டிக்கெட் வாங்காமல் நிற்கிறார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மைதானத்துக்கு வந்தால் மட்டும் முகத்தைப் பார்க்க மாட்டேன், புத்தகத்தைப் பார்ப்பேன். அம்பயர் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அந்தக் கர்வம் பல வருடம் என்னோடு இருந்தது.

அது முப்பது ஓவர் போட்டி. ஒரு பக்கம் ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வந்த அணி. இன்னொரு பக்கம் கல்வராயன் மலை மேலிருந்து, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து முதல்முறையாகத் தோல் பந்துப் போட்டிக்கு இறங்கி வந்த அணி. காலையில் ஒரு வேனில் வந்தார்கள். பத்துப் பேர்தான் இருந்தார்கள். பதினோராவது ஆள் வரவில்லை என்றதும் வேன் ஓட்டி வந்த குமரேசனையே பட்டியலில் எழுதிக் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடியவர். டாஸ் போடும்போதே அவர்களுடைய தலைவர் லட்சுமணன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், "இவரு எங்க டிரைவருங்க சார். சும்மா பேருக்கு." ஆக, எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

நம் மைதானங்களில் தேங்காய் நார் மேட் விரித்துத்தானே ஆடுகிறோம். அந்த மேட் மேல் குத்திய பந்து எவ்வளவு எழும்பும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரிஷிவந்தியம் அணியில் கொளஞ்சி என்று ஒரு வேகப்பந்து வீச்சாளன். கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டரில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற பையன். முறையாக யாரும் பயிற்சி கொடுக்காத கை, ஆனால் மாவட்டத்திலேயே அவன் வேகத்துக்கு ஆள் இல்லை. அன்று அவன் கடைசியாக வைத்திருந்த இரண்டு ஓவரில் ஒன்றைத் தொடங்கும்போது மலை அணிக்கு வேண்டியது பதினோரு ரன். ஒன்பது விக்கெட் போய்விட்டது. லட்சுமணன் அறுபது ரன் தாண்டி நிற்கிறார், ஆனால் அவர் என் பக்கம், பந்து போடுகிற முனையில். எதிர்முனையில் குமரேசன்.

குமரேசன் யாரிடமோ இரவல் வாங்கிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அது அவர் தலைக்குப் பெரியது. எந்த ஸ்டம்புக்கு நேராக நிற்பது என்று கார்டு எடுக்கத் தெரியவில்லை. நான் "மிடிலா, லெக்கா?" என்று கேட்டதற்கு, "எங்க நின்னா நல்லதுங்க?" என்று திருப்பிக் கேட்டார். ஃபீல்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கொளஞ்சியிடம் அவன் தலைவர் ஓடி வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனார். முதல் பந்து ஷார்ட், பாதியிலேயே குத்தி எழும்புகிற பவுன்சர். குமரேசனுடைய காதை ஒட்டிப் போய் விக்கெட் கீப்பர் கைக்குள் விழுந்தது. தோளுக்கு மேல், தலைக்குக் கீழ். தலைக்கு மேல் போயிருந்தால் நம் போட்டியில் வைடு, அதுவும் எண்ணிக்கையில் சேரும். இது வைடும் இல்லை. ஓவருக்கு இரண்டு அனுமதி, மூன்றாவது நோ பால். நான் ஸ்கோரர் பக்கம் திரும்பி, ஒன்று ஆயிற்று என்று விரல் காட்டினேன்.

ஸ்கொயர் லெக்கில் இன்னொரு அம்பயராக நின்றவர் உளுந்தூர்பேட்டைப் பக்கத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் நின்ற இடத்திலிருந்து நான்கு அடி என்னை நோக்கி வந்தார். எண்ணிக்கையைச் சரிபார்க்கத்தான் வருகிறார் என்று நினைத்து, தெரியும், எண்ணிவிட்டேன் என்று கையை ஆட்டினேன். அவர் நின்றுவிட்டார்.

கொளஞ்சி பந்தைத் தொடையில் தேய்த்தபடி என்னைத் தாண்டிப் போகும்போது கேட்டான். "சார், இன்னும் ஒன்னு இருக்குதுல்ல?"

"இருக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்தான். கடையில் போய்ச் சோப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கு என்பார்களே, அப்படிச் சொன்னேன்.

அடுத்த பந்து இன்னும் வேகமாக வந்தது. குமரேசன் விலகவும் இல்லை, குனியவும் இல்லை. முகத்தை மட்டும் பாதி திருப்பினார். பெரிய ஹெல்மெட் ஏற்கெனவே மேலே ஏறியிருந்தது. கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவே பந்து உள்ளே போனது. அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம்.

எல்லோரும் ஓடினோம். லட்சுமணன்தான் முதலில் போய் அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். இடது கண் இருந்த இடம் வீங்கி மூடிக்கொண்டே வந்தது. கொளஞ்சி ஓடிவந்த வேகத்தில் பிட்ச்சின் பாதியிலேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் வரவே இல்லை. ஆம்புலன்ஸ் வந்து, மலை அணியில் ஒரு பையனும் டீச்சரும் அதில் ஏறிக்கொண்டார்கள்.

பிறகு ரிஷிவந்தியம் அணித் தலைவர் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், கடைசி விக்கெட்டு. அவரால ஆட முடியாது. அப்போ மேட்ச்சு?"

முடிந்தது என்றேன். நீங்கள் ஜெயித்தீர்கள் என்றேன். விதிப்படி அதுதான் சரி. லட்சுமணன் ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. வந்து கை கொடுத்தார், அவர் கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

மணி இரண்டரை இருக்கும். மைதானத்து ஓரத்தில் வேன் நிற்கிறது, மலைக்குப் போக வேண்டிய ஒன்பது பேர் நிற்கிறார்கள், ஓட்ட ஆள் இல்லை. அவர்களில் இரண்டு பேருக்கு பைக் ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். நான் பஸ்ஸிலேயே வாழ்ந்தவன், ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. யாரைக் கூப்பிடலாம் என்று நான் போனில் தேடிக்கொண்டிருந்தபோது கொளஞ்சி வந்தான். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"நான் ஓட்றேங்க. லைசென்ஸ் இருக்குது."

மலை அணிப் பையன்களில் ஒருவன் தரையில் துப்பினான். லட்சுமணன் கொளஞ்சி பக்கம் திரும்பினார்.

"மலையில ஓட்டியிருக்கியா?"

"இல்லீங்க. கரும்பு லோடு வெச்சி ஓட்டியிருக்கேன்."

"நான் பக்கத்துல குந்திக்கினு சொல்றேன். சொல்றாப்புல ஓட்டணும்" என்று சாவியைக் கொடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்றுதான் முன்கதவைத் திறந்து முதல் ஆளாக ஏறினேன்.

கச்சிராயப்பாளையம் தாண்டி அணைப் பக்கம் வந்தோம். மலை ஏற ஆரம்பித்ததும் லட்சுமணன், "இங்க ஹாரன் அடி... செகண்டுல போடு... ஓரம் ஒடிக்காத, மண்ணு லூசா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொளஞ்சி சொன்னதைச் செய்தான். நாலைந்து வளைவு ஏறிய பிறகு, பின்னாலிருந்து ஒரு குரல், "இந்த வளைவுல பஸ்ஸு வரும், நின்னு போ" என்றது. துப்பிய பையனின் குரல். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள்.

ஓரிடத்தில் மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. வழி விட்டு நிற்கும்போது கொளஞ்சி ரோட்டைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னான். "அந்த ஆளுக்கு ஆடத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார். கேப்டன் போடச் சொன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. அதான் உங்கள கேட்டேன். நீங்க வேணாம்டான்னு சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

குறை சொல்லும் குரலில் அவன் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான். அவன் என்னிடம் எண்ணிக்கை கேட்கவில்லை, தன்னைத் தடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான் என்பது அந்த லாரி கடந்து போகிற நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

இப்போது விதியைச் சொல்கிறேன். ஓவருக்கு இரண்டு என்பது ஒரு விதி. அதற்கு முன்னாலேயே இன்னொரு விதி இருக்கிறது. பந்தின் வேகம், நீளம், உயரம், திசை இவற்றைப் பார்த்து, எதிரே நிற்கிற ஆட்டக்காரரின் திறமையையும் வைத்துப் பார்த்து, இது காயப்படுத்தக்கூடியது என்று அம்பயருக்குத் தோன்றினால் முதல் பந்தையே நோ பால் என்று சொல்லலாம். வீச்சாளருக்கு எச்சரிக்கை கொடுக்க வேண்டும். திரும்பவும் போட்டால் அந்த இன்னிங்ஸ் முழுக்க அவர் பந்து போட முடியாது. ஆட்டக்காரர் ஹெல்மெட் போட்டிருக்கிறாரா என்பதைப் பார்க்கவே கூடாது. நானோ அந்த ஹெல்மெட்டைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இந்த விதியைத் தேர்வில் ஒரு பக்கத்துக்கு எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாயவில்லை. ரோட்டோரத்திலேயே குமரேசனுடைய மனைவி சின்னப்பொண்ணு பையோடு நின்றார். போனில் யாரோ சொல்லிவிட்டார்கள். பாதி கேட்டிருக்கிறது, பாதி சிக்னல் இல்லாமல் போய்விட்டது.

"கண்ணு தெரியுதா அவருக்கு?" என்றார்.

"தெரியலம்மா. வீங்கி மூடியிருக்கு. ஸ்கேன் எடுத்துட்டுத்தான் சொல்ல முடியும்னாங்க" என்றேன். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"யாரு போட்ட பந்து?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கொளஞ்சி, "நாந்தாங்க" என்றான்.

அவர் அவனைப் பார்த்த பார்வையில் நான் குறுக்கே விழுந்தேன். "அவன் கேட்டுட்டுத்தாம்மா போட்டான். போடலாம்னு சொன்னவன் நான். நாந்தான் அம்பயர்."

சின்னப்பொண்ணு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேனின் கதவைத் திறந்து பையை உள்ளே வைத்தார். "யாருன்னு அப்பறம் பேசிக்கலாம். வண்டிய திருப்பச் சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள எறங்கணும்."

கொளஞ்சி வண்டியைத் திருப்பினான். லட்சுமணனும் வீட்டுக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்து மறுபடி வளைவு சொன்னார்.

கன்ன எலும்பு மூன்று இடத்தில் உடைந்திருந்தது. கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அறுவை சிகிச்சைக்கு வெளியூர் அனுப்பினார்கள். கண் போகவில்லை. ஆனால் நாலு மாதத்துக்கு இரண்டிரண்டாகத் தெரிந்தது, வேனைத் தொட முடியவில்லை. முதல் மூன்று வாரம் கொளஞ்சி போய் வண்டி ஓட்டிக் கொடுத்தான். பிறகு கரும்பு வெட்டு தொடங்கி அவனால் போக முடியாமல் போனது. சொந்தக்காரர் ஒருவர் வந்து ஓட்டினார். நான் பழமும் பையுமாக இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். இரண்டாவது தடவை குமரேசன் ஒன்று மட்டும் கேட்டார். "சார், மொத பந்துக்கே நான் கண்ண மூடிட்டேன். உங்களுக்குத் தெரியலயா?"

அதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் டீச்சரும் அதைத்தான் சொல்லியிருந்தார். "அவரு மொத பந்துல கண்ண மூடிட்டாரு சார். பக்கத்துலேர்ந்து பாத்தேன். அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க கைய ஆட்டிட்டீங்க." சொல்லிவிட்டு அவரே, "நான் நிக்காம வந்திருக்கணும்" என்று சேர்த்துக்கொண்டார். இல்லை டீச்சர், நான் வர விட்டிருக்க வேண்டும் என்றேன்.

போட்டி அறிக்கையில் என் மேல் ஒரு தப்பும் இல்லை. எண்ணிக்கை சரி. நான் தனியாக ஒரு கடிதம் எழுதினேன், முதல் பந்தையே ஆபத்தானது என்று நோ பால் கொடுத்து எச்சரித்திருக்க வேண்டும், தவறினேன் என்று. மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவர் போன் செய்து, "இன்னாத்துக்கு சார் நீங்களே போய் மாட்டிக்கிறீங்க? யாரும் புகார் குடுக்கலியே" என்றார். கடிதத்தைத் திரும்ப வாங்க மாட்டேன் என்றேன். அந்த சீசன் முடியும்வரை எனக்கு ஆட்டம் கொடுக்கவில்லை. கொடுக்காதது நியாயம்தான்.

திரும்பி வந்த பிறகு நான் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன், அதையும் மறைக்கக் கூடாது. மணலூர்பேட்டையில் ஒரு ஆட்டம். பத்தாவதாக வந்த ஆட்டக்காரருக்கு முதல் பவுன்சர் விழுந்ததுமே நோ பால் என்று கத்தி, வீச்சாளனைக் கூப்பிட்டு எச்சரித்தேன். அந்த ஆட்டக்காரர் என்னிடம் வந்து, "சார், ஷார்ட்டா போட்டாத்தான் எனக்கு சிக்ஸே போவும். நீங்க இன்னா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார். அவர் முதலில் இறங்க வேண்டியவர், கணுக்கால் சுளுக்கியதால் கடைசியில் வந்திருக்கிறார். வரிசை எண்ணைப் பார்த்து முடிவு செய்திருக்கிறேன். மறுபடியும் எண்.

அதற்கு அடுத்த வருடம் மலை அணி திரும்ப வந்தது. எதிரணி அதே ரிஷிவந்தியம். யாரும் யோசித்துப் போட்ட அட்டவணை இல்லை, அன்று அம்பயருக்கு வேறு ஆள் இல்லை, என்னையும் டீச்சரையும் அனுப்பினார்கள். குமரேசன் பட்டியலில் இருந்தார். இந்தத் தடவை ஆள் குறைந்து சேர்க்கவில்லை. அவரே கேட்டுச் சேர்ந்திருக்கிறார்.

எட்டாவது விக்கெட் விழுந்ததும் இறங்கினார். ஹெல்மெட் அவருடையது, அளவாக இருந்தது. இடது கண்ணுக்குக் கீழே ஒரு தழும்பு. "லெக் ஸ்டம்புங்க" என்று கார்டு கேட்டார். கொளஞ்சி பந்து போட்டான். முதல் மூன்று பந்தும் கால் பக்கம், மெதுவாக. கொளஞ்சி அந்தச் சம்பவத்துக்குப் பிறகு யாருக்கும் ஷார்ட்டாகப் போடுவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

குமரேசன் என்னிடம் நடந்து வந்தார். "சார், எனக்கு மட்டும் குழந்தைக்குப் போடறாப்புல போடறான். நீங்க எதுனா சொல்லி வெச்சீங்களா?"

"நான் எப்படிங்க சொல்லுவேன்?"

அவர் கொளஞ்சி பக்கம் திரும்பினார். "டேய் கொளஞ்சி, இப்படிப் போடறதுக்கு நீ பேசாம வூட்டுக்குப் போயிடு. ஒரு வருசமா எங்க ஊரு பசங்க ஈர டென்னிஸ் பந்த என் மூஞ்சிக்குக் குறி வெச்சி எறிஞ்சிக்கினு இருக்கானுங்க. எதுக்குன்னு நெனச்ச? ஒழுங்கா போடு."

கொளஞ்சி என்னைப் பார்த்தான். நான் ஸ்டம்ப் மேல் இருந்த பெயில்ஸைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். நான் பார்த்திருந்தால் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டிருப்பான்.

அவன் ஓடி வந்த ஓட்டத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஷார்ட். நல்ல வேகம். மேட்டிலிருந்து எழும்பி நேராக முகத்துக்கு. நோ பால் என்ற சொல் என் வாய்க்கு வந்துவிட்டது, கை பாதி எழுந்துவிட்டது. அந்தக் கால் நொடியில் நான் பந்தைப் பார்க்கவில்லை, குமரேசனைப் பார்த்தேன். கால் பின்னுக்குப் போனது. முதுகு வளைந்தது. மட்டையைத் தாழ்த்திக்கொண்டார். கண் இரண்டும் பந்தின் மேலேயே இருந்தன, அது மூக்குக்கு முன்னால் போய்க் கீப்பரிடம் சேரும்வரை.

நான் வாயை மூடிக்கொண்டு, ஸ்கோரருக்கு ஒரு விரல் காட்டினேன்.

லட்சுமணன் வெளியே பவுண்டரி ஓரத்தில் எழுந்து நின்று கத்தினார், ஏதோ சிக்ஸ் போன மாதிரி. கொளஞ்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெரிதாக மூச்சு விட்டான். அடுத்த பந்தை நீளமாகப் போட்டான், மிடில் ஸ்டம்ப் பறந்தது. குமரேசன் மட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு அவனைத் தாண்டிப் போகும்போது, "இது நல்ல பந்துடா" என்றார். "இதுக்கு முன்ன போட்டதுந்தான்."

ஓவர் முடிந்து இடம் மாறும்போது டீச்சர் என் பக்கம் வந்தார். இந்தத் தடவை நான் கையை ஆட்டவில்லை, நின்றேன்.

"நீங்க நோ பால் குடுக்கப் போறீங்கன்னு நெனச்சேன் சார்" என்றார்.

"நானும்தாங்க" என்றேன்.